ப்ராசஸர் பழுது: கம்பெனி ‘சோதனையில் தேறியது’ என்று கோரிக்கையை மூடிவிட்டது. உதவி தேவை

கேர்பெட்டா_ஒளிப்படம் (இழையைத் தொடங்கியவர்)
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீடியோ எடிட்டிங் கணினி மூன்று மாதமாகப் பாடாய்ப் படுத்துகிறது. ஆறு மணி நேரம் ரெண்டர் (வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடி, முடியும் தறுவாயில் நிரல் தானாக மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில். கணினியின் மூளையான ப்ராசஸரை மாற்றித் தரக் கேட்டு அதன் கம்பெனிக்கு எழுதினேன். பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளைப் பழையபடி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அவர்களுடைய சோதனை நிரலை ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். ‘தேறியது’ என்று வந்தது. மறுநாளே கோரிக்கையை மூடிவிட்டார்கள். நீலகிரிப் படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை வீடியோப் பதிவை ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்க நாள் குறித்தாகிவிட்டது. இவர்களை எப்படி நம்ப வைப்பது?

பர்லியாறு
எந்த ப்ராசஸர்? எந்த மதர்போர்டு (உறுப்புகள் பொருத்தியிருக்கும் பலகை)? ராம் (தற்காலிக நினைவகம்) எத்தனை, எந்த வேகம்? பில் இருக்கிறதா? பெட்டியோடு வாங்கியதா, அசெம்பிள் செய்தவர் உதிரியாகப் போட்டுக் கொடுத்ததா? இது எதையும் எழுதாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சில்வர்_ஓக்
மின்சாரத்தை முதலில் பாருங்கள். குன்னூரில் எங்கள் தெருவில் காற்றடித்தால் மரக்கிளை கம்பியில் உரசும், விளக்கு மங்கும், பிரகாசமாகும். என் பழைய கணினி இப்படித்தான் போயிற்று. நல்ல யூபிஎஸ் இருக்கிறதா?

பழைய_பொறியாளர் (மூத்த உறுப்பினர்)
தம்பி, 30 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ப்ராசஸரே பழுதாகி நான் கண்டது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். உங்கள் கோளாறு ராம். இழையைத் தொடங்குமுன் மேலே இருக்கும் வழிகாட்டியைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கம்பெனி மூடியது சரிதான்.

கடநாடு
எனக்கு ஈரத்தின் மேல்தான் சந்தேகம். பனிமூட்டம் அறைக்குள் வந்து மதர்போர்டில் படியும். லென்ஸ் அலமாரியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க பல்பு எரிய விடுகிறோம் அல்லவா, கணினிக்கும் அதுபோல ஒரு ஏற்பாடு வேண்டும்.

கேர்பெட்டா_ஒளிப்படம்
அவசரத்தில் எழுதியதால் விட்டுப்போயிற்று. 32 ஜிபி ராம், பயாஸில் சாதாரண வேகத்தில்தான் இருக்கிறது. ஓர் இரவு முழுக்க ராம் சோதனை ஓடியது, பிழை இல்லை. குன்னூரில் நண்பரின் கணினியிலிருந்து வேறு ராம் வாங்கிப் போட்டும் அதே கதை. யூபிஎஸ் இருக்கிறது. அறையில் ஈரம் இல்லை, லென்ஸ்கள் இருக்கும் அதே அறை. கோயம்புத்தூரில் வாங்கியது, பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனி பெயரையும் மாடலையும் இங்கே போடவில்லை. அவர்களோடு பேச்சு நடக்கும்போது பொதுவில் பெயரை இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய பொறியாளர் ஐயா, நான் தம்பி இல்லை, பெண்.

பழைய_பொறியாளர்
சரி அம்மா. ஆனாலும் ஓர் இரவு போதாது.

தலைகுந்தா
யாரும் சொல்லாத ஒன்று: காஸ்மிக் கதிர். உயரம் கூடக்கூட விண்ணிலிருந்து வரும் துகள்கள் அதிகம் வந்து சேரும். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே ஆய்வகம் வைத்திருக்கிறது. 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை மியூவான் என்ற துகள்களைக் கொண்டே அங்கே கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட துகள் ஒன்று சிப்பில் பட்டால் ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிடாதா?

சில்வர்_ஓக்
அப்படியானால் நீலகிரியில் ஒரு வங்கிக் கணினியும் ஓடாது.

தலைகுந்தா
ஓடாது என்று நான் எங்கே சொன்னேன்? 1978இல் இன்டெல் நிறுவனத்தின் மெமரி சிப்புகளிலேயே பிட்டுகள் தானாக மாறின. சிப்பை மூடியிருந்த பீங்கானில் கலந்திருந்த கதிரியக்கப் பொருளிலிருந்து வந்த ஆல்ஃபா துகள்தான் காரணம் என்று அவர்களுடைய பொறியாளர்களே கண்டுபிடித்தார்கள். துகளால் பிட் மாறுவது கற்பனை இல்லை.

கூடலூர்_நிரலர்
தலைகுந்தா சொன்ன வரலாறு உண்மை, ஆனால் இங்கே பொருந்தாது. விண்ணிலிருந்து வரும் துகளுக்கு ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் எதுவும் ஒன்றுதான், எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரே கணினியில் திரும்பத் திரும்ப நிரல் நின்றுபோவதற்கு அது காரணமாகாது.

அக்கா, உங்கள் புகாரைக் கம்பெனியின் பக்கமிருந்து பாருங்கள். ‘ரெண்டர் நின்றுபோகிறது’ என்று ஒருவர் எழுதினால் நிரல், டிரைவர், ராம், மின்சாரம் என்று நூறு காரணம் இருக்கலாம். அதனால்தான் முதல் கட்டத்தில் இருப்பவர் பட்டியலைப் பார்த்துப் பதில் எழுதி மூடிவிடுகிறார். நூறையும் நீங்களே ஒன்றாகக் குறைத்துக் கொடுத்தால் அந்தப் பட்டியலுக்கு வேலை இல்லை.

1994இல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் செய்தது அதுதான். இரட்டைப் பகா எண்களின் (3, 5 போல இரண்டு மட்டும் வித்தியாசமுள்ள பகா எண்கள்) தலைகீழிகளைக் (1/3, 1/5 போல) கூட்டிக்கொண்டிருந்தவருக்கு ஜூன் மாதம் விடை இடித்தது. உடனே தன் கணினியிலிருந்த இன்டெல்லின் பென்டியம் ப்ராசஸரைக் குறை சொல்லவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார், மதர்போர்டைச் சந்தேகித்தார், ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அக்டோபரில்தான் இன்டெல்லிடம் சொன்னார். அதன் பிறகு ஊர் ஊராகப் பரவிய கணக்கு ஒரே வரி: 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியத்தில் 1.33374 வந்தது. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. அந்த ஒரு வரியை யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்க்க முடிந்தது.

பழைய_பொறியாளர்
அந்தக் கதையை எல்லோரும் பாதிதான் சொல்வார்கள். சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் அந்தப் பிழை வரும் என்று இன்டெல் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கில் பொய் இல்லை. கூச்சல்தான் நிறுவனத்தை அடிபணிய வைத்தது.

கூடலூர்_நிரலர்
பொய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் சாதாரணப் பயனர் என்று தீர்மானித்தது யார்? தனக்குத் துல்லியம் தேவை என்று வாடிக்கையாளர் நிரூபித்தால்தான் மாற்றித் தருவோம் என்றார்கள். மக்களுக்குக் கோபம் வந்தது அங்கேதான். டிசம்பர் 12இல் ஐபிஎம் அந்தச் சிப் உள்ள கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. 20ஆம் தேதி, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர்.

பர்லியாறு
2024இல் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் உள்ள மேசைக் கணினிகள் விளையாட்டின் நடுவே நின்றுபோவதாக மாதக்கணக்கில் புகார். முதலில் பேச்செல்லாம் மதர்போர்டு அமைப்புகளைப் பற்றியே இருந்தது. ஜூலையில்தான், தங்கள் மைக்ரோகோடே (சிப்புக்குள்ளிருக்கும் கட்டுப்பாட்டு நிரல்) தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீண்டது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

சில்வர்_ஓக்
இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியையும் சொல்லுங்கள். 2017இல் லினக்ஸ் இயங்குதளத்தில் பெரிய நிரல்களைத் தொகுக்கும்போது அவர்களுடைய முதல் ரைசன் ப்ராசஸர்கள் தடுமாறின. பயனர் ஒருவர் எழுதிய சிறு சோதனை நிரலை எல்லோரும் ஓட்டிக் காட்டினார்கள். ஆகஸ்டில் கம்பெனி ஏற்றுக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. ஒரு நிறுவனத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

கேர்பெட்டா_ஒளிப்படம்
வரலாறு நன்றாக இருக்கிறது. பண்டிகைப் பதிவு இன்னும் நிற்கிறது. நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கூடலூர்_நிரலர்
மன்னியுங்கள் அக்கா, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இரண்டு ஜிபி அளவில் ஒரு வீடியோவை எடுங்கள். சுருக்குங்கள், விரியுங்கள், செக்சம் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்ய ஒரு சின்ன நிரலைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலை ஒரு கோரில் மட்டும் ஓட விடும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கோரிலும் இருநூறு முறை ஓட்டுங்கள். ஒரு கோருக்கு இரண்டு எண்கள் காட்டக்கூடும், 6, 7 இரண்டும் ஒரே கோர் செய்யும் இரு வேலை வரிசைகளாக இருக்கலாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ராமில் பிழை இருந்தால் எந்தக் கோரில் ஓட்டினாலும் தப்பு வரும். ஒரே கோரில் மட்டும் வந்தால் ராமின் மேல் பழி போட யாராலும் முடியாது.

சோதனையில் தேறிவிட்டதே என்று கலங்க வேண்டாம். 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் இப்படி ஒரு கோரைப் பற்றி எழுதினார்கள். 1.1ஐ 53 முறை பெருக்கினால் முழு எண்ணாக 156 வர வேண்டும். அந்த ஒரு கோர் மட்டும் 0 என்றது. கோப்பின் அளவு பூஜ்யம் என்று நம்பிய கணினி, விரிக்க வேண்டிய கோப்பை விரிக்காமலே விட்டுவிட்டது. வேறு பல கணக்குகளை அதே கோர் சரியாகவே போட்டது. கம்பெனியின் சோதனை தப்பு வரும் கணக்கைத் தொடாவிட்டால் ‘தேறியது’ என்றுதான் சொல்லும்.

பழைய_பொறியாளர்
செய்து பார்க்கட்டும். இருநூறு முறை என்றால் பொறுமை வேண்டும். பயாஸ் பதிப்பு, மைக்ரோகோடு எண், அறையின் வெப்பம் மூன்றையும் அட்டவணையில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் கம்பெனிப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவற்றைத்தான் முதலில் கேட்பேன்.

கடநாடு
அக்கா, என்ன ஆயிற்று?

பர்லியாறு
பத்து நாளாகப் பதிலே இல்லை. இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காகவாவது ஒரு வரி எழுதுங்கள்.

கேர்பெட்டா_ஒளிப்படம்
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 6, 7 எண்கள் காட்டும் கோரில் மட்டும் 200இல் 11 முறை செக்சம் பொருந்தவில்லை. மற்றவற்றில் ஒன்றுகூட இல்லை. பழைய பொறியாளர் ஐயா சொன்ன மூன்றையும் சேர்த்து அட்டவணையை அனுப்பினேன். இரண்டாம் நாள் வேறொருவர் பதில் எழுதினார், கோரிக்கையைத் திறந்தார், சோதனைக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்ததால் கூரியர் இரண்டு நாள் தாமதம். புது ப்ராசஸர் நேற்று வந்தது. எதனால் கெட்டது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதுவரை அந்தக் கோரை நிறுத்தி வைத்து ரெண்டர் செய்து, பண்டிகைப் பதிவைக் கொடுத்துவிட்டேன். நிரலருக்கு நன்றி.

தலைகுந்தா
கோரை நிறுத்தியது எப்படி? பயாஸிலா?

கூடலூர்_நிரலர்
அந்தச் சோதனை நிரலை இழையின் மேலே இணைத்திருக்கிறேன். அக்கா, பழைய ப்ராசஸரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்தீர்களா?