சைன் அலையின் கட்டம்: தாமதம் குறைந்தால் கோணம் எப்படிக் கூடுகிறது?

நண்பர்களே, இரண்டு நாட்களாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1 கிலோ ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தேன். மின்தேக்கியின் குறுக்கே எடுத்த வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) உள்ளீட்டோடு சேர்த்துப் பார்த்தால், அதன் முகடு ஏறத்தாழ 90 மைக்ரோவினாடி வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஒரு சுற்றுக்கு 1000 மைக்ரோவினாடி. ஆகவே கட்டக் கோணம் (phase angle, ஒரு சுற்றை 360 பாகையாகக் கொண்டால் வெளியீடு எவ்வளவு பின்தங்குகிறது என்பது) 90/1000 × 360, சுமார் 32 பாகை. இதுவரை சரிதான்.

அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினேன். தாமதம் 22 மைக்ரோவினாடியாகச் சுருங்கிவிட்டது, ஆனால் கட்டக் கோணமோ 80 பாகைக்கு வந்துவிட்டது! சுற்றே 100 மைக்ரோவினாடிதான் என்பதால் கணக்கு இடிக்கவில்லை. என் மனம்தான் ஏற்க மறுக்கிறது. கட்டம் என்பதை நேரமாகவே நினைத்துப் பழகியதுதான் என் தவறா?

இன்னொன்று. sin என்பதற்குள் ωt−φ என்று (ω கோண வேகம், t நேரம், φ கட்டக் கோணம்) கழித்தால் அலை வலப்பக்கம் நகர்வது ஏன்? கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? (சிரிக்காதீர்கள்.) சூத்திரம் என்னிடம் இருக்கிறது, சுழலும் அம்புக்குறியை வைத்தோ வேறு படத்தை வைத்தோ விளக்க முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.