பூட்டு இல்லாத பழைய கேம்கள்: அந்த 45 லட்சம் எந்தப் பிரதி?

பழையவட்டு:
நேற்று வேறொரு இழையில் கோட்டைச்சாமி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "காப்புப் பூட்டு (நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள்) இல்லாமல் கேம் விற்பது கதவில்லாத நகைக்கடை. விட்சர் 2 கேமின் கதையே போதும், 45 லட்சம் பேர் திருடினார்கள்" என்கிறார். ஐயா, அவர்கள் எடுத்தது எந்தப் பிரதி? 2011 மே மாதம் அந்த கேம் இரண்டு விதமாக வந்தது. கடைப் பெட்டியில் செக்யூரோம் பூட்டு இருந்தது. ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்றதில் எந்தப் பூட்டும் இல்லை. பூட்டில்லாத பிரதிதான் டாரன்ட்டில் (ஆட்கள் தங்களுக்குள் கோப்பு பகிரும் வழி) பரவும் என்று எதிர்பார்த்ததாகவும், பரவியது பூட்டை உடைத்த பெட்டிப் பிரதி என்றும், விட்சரை உருவாக்கி அப்போது ஜிஓஜியையும் நடத்திய சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் மார்சின் இவின்ஸ்கியே சொன்னார். பூட்டிய வீட்டில்தான் திருடன் புகுந்தான்.

கோட்டைச்சாமி:
ஆக, 45 லட்சம் போனதை ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. எந்தப் பிரதி என்பது வக்கீல் வாதம். கல்லாவுக்கு வராத காசு வராத காசுதான். பன்னிரண்டு வருஷம் மென்பொருள் விற்றவன் நான், எனக்குப் பாடம் வேண்டாம்.

பழையவட்டு:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? எந்த நேரத்திலும் சுமார் 20,000 பேர் டாரன்ட்டில் இறக்கிக்கொண்டிருப்பதாக இவின்ஸ்கி வைத்துக்கொண்டார். கேம் 14 ஜிபி, இறக்க ஆறு மணி நேரம். 56 நாளுக்கு 1344 மணி. ஆறால் வகுத்தால் 224. அதை 20,000-ஆல் பெருக்கினால் 44 லட்சத்து 80 ஆயிரம். இது தலையை எண்ணிய கணக்கு இல்லை, உத்தேசம். 2011-இல் நம் ஊர் பிராட்பேண்டில் 14 ஜிபி ஆறு மணி நேரத்தில் இறங்குமா? ஆறு நாள் ஆகும்! ஆறு மணி என்பதைப் பன்னிரண்டு ஆக்கினால் எண் பாதியாகிவிடும்.

கோட்டைச்சாமி:
பாதி என்றாலும் 22 லட்சம். அதுவும் திருட்டுதான். கணக்கு வாத்தியாருக்கு வணக்கம்.

நெய்தல்:
இரண்டு பேரும் தலைப்பைப் பாருங்கள். பேச வந்தது பழைய கேம்கள். 2008-இல் ஜிஓஜி தொடங்கியபோது விற்றது கடைகளில் கிடைக்காமல் போனவற்றை. விலை 5.99 டாலர், 9.99 டாலர். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேமோடு, அதை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்துக் கட்டி, இன்றைய கணினியில் இரண்டு சொடுக்கில் ஓட வைத்தார்கள். வாங்குபவன் காசு கொடுப்பது அந்த வேலைக்கு. பூட்டைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பழையவட்டு:
நான் கவலைப்பட்டேன். பழைய வட்டில் இருந்த பூட்டு, ஆடும்போதெல்லாம் வட்டு டிரைவில் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஒரு கோடை விடுமுறை முழுக்க என் தம்பி அதை வெளியே எடுக்கவே இல்லை. ஒருநாள் சுழலும்போது கடகடவென்று சத்தம், டிரைவைத் திறந்தால் நடுத்துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே கோடாக விரிசல். 600 ரூபாய் போயிற்று. பிற்பாடு அதே கேமை ஜிஓஜியில் வாங்கினேன். ஒரே ஒரு செட்டப் கோப்பு. ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இணையமே இல்லாத எங்கள் ஊர் வீட்டில் நிறுவி ஆடினோம். இப்படிக் கொடுத்தால் நான் ஏன் திருடப்போகிறேன்?

மின்மினி:
அதோடு, பூட்டு வைத்த பழைய வட்டு விரியாமல் இருந்தாலும் இன்று பயனில்லை. சேஃப்டிஸ்க் பூட்டுக்கு வேண்டிய டிரைவர் என்ற துணை மென்பொருளை 2015-இல் வந்த விண்டோஸ் 10 ஏற்பதே இல்லை. காசு கொடுத்தவன் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், உடைத்தவன் ஆடுகிறான். 2008-இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமுக்கு அதன் நிறுவனம் யூபிசாஃப்ட் கொடுத்த திருத்தக் கோப்பே (பேட்ச்) திருட்டுக் குழு உடைத்த கோப்புதான்.

கோட்டைச்சாமி:
மின்மினி, நீங்கள் போன மாதம் எமுலேட்டர் இழையிலும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள். கேட்டதற்குப் பதில் வேண்டும். பூட்டே வேண்டாம் என்ற சிடி புராஜெக்ட் உத்தமர்கள் 2011 கடைசியில் ஜெர்மனியில், டாரன்ட்டில் இறக்கியதாகச் சொல்லி ஆட்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டார்களா, இல்லையா?

மின்மினி:
எமுலேட்டர் இழையில் பேச்சைத் திருப்பியது யார் என்று அங்கே போய்ப் படிக்கட்டும். அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

பழையவட்டு:
அனுப்பினார்கள். ஊரே திட்டியது. 2012 ஜனவரியில் நிறுத்தினார்கள். தப்பென்று சொன்னதும் நிறுத்தியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். என் கேள்வி அப்படியே நிற்கிறது: பரவியது எந்தப் பிரதி?

கோட்டைச்சாமி:
பிடிபட்டபின் நிறுத்துவது பெருமையா? 2010 செப்டம்பரில் ஜிஓஜி தளத்தை மூடிவிட்டோம் என்று அறிவித்து, சில நாள் கழித்துத் துறவி வேடத்தில் வந்து சிரித்தவர்கள் இவர்கள். வாங்கியவன் வயிற்றில் புளியைக் கரைத்த கூட்டத்தையா நம்பச் சொல்கிறீர்கள்?

நெய்தல்:
அந்த விளம்பர நாடகம் எனக்கும் பிடிக்கவில்லை. 2021-இல் ஹிட்மேன் கேமை ஜிஓஜியில், இணையம் இருந்தால்தான் பாதி வசதி வேலை செய்யும் நிலையில் விற்றார்கள். வாங்கியவர்கள் கத்தினார்கள். அடுத்த மாதமே எடுத்தார்கள். பூட்டில்லாமல் விற்போம் என்று எழுதிய விதியை அவர்களே எப்போதும் காப்பதில்லை.

பழையவட்டு:
நெய்தல், நீங்களுமா? சரி, 2013 கடைசியில் பழைய ஃபால்அவுட் கேம்களை விற்கும் உரிமை பெதஸ்டா நிறுவனத்துக்குப் போய், ஜிஓஜி விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து பறித்தார்களா? செட்டப் கோப்பு அவரவர் கையில் இருந்தது. விற்றவனே நினைத்தாலும் பிடுங்க முடியாது. பூட்டு இல்லாததற்கு இதுதான் அர்த்தம். கோட்டைச்சாமி விற்ற மென்பொருளில் இன்று எத்தனை திறக்கிறது?

கோட்டைச்சாமி:
என் தொழிலை இழுக்காதீர்கள். உங்கள் தம்பி வட்டை உடைத்ததற்கு நிறுவனமா பொறுப்பு? எண்ணுக்கு வாருங்கள். 45 லட்சம்.

பழையவட்டு:
தம்பி உடைக்கவில்லை, வெளியே எடுக்கவிடாத பூட்டு உடைத்தது. விட்சர் 2 வெளியான பத்து நாளைக்குள் வந்த 1.1 திருத்தத்தில் பெட்டிப் பிரதியின் பூட்டையும் அவர்களே கழற்றிவிட்டார்கள். அவ்வளவு உதவியது என்றால் ஏன் கழற்றினார்கள்? கேம் திணறுகிறது, மெதுவாக ஓடுகிறது என்று காசு கொடுத்தவர்களே புலம்பினார்கள். நாளைக்கும் கேட்பேன், அடுத்த வாரமும் கேட்பேன். எந்தப் பிரதி?

கோட்டைச்சாமி:
எத்தனை முறை கேட்டாலும் 45 லட்சம்.

மின்மினி:
ஆறு மணி நேரக் கணக்கை ஏற்கிறீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.