செம்பனைப் புழுவும் பாக்டீரியாவும்

அத்தை: அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், நாளை மாலை பாக்டீரியா மருந்து அடிக்கப் போவதாக மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கிருமியைக் காற்றில் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கு இளைப்பு இருக்கிறது, கோழிகளும் இருக்கின்றன. அண்ணா, நீங்கள் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், விளக்கிச் சொல்லுங்கள்.

பெரியப்பா: பயப்படாதே அம்மா. இலைத் துணுக்குகளால் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே மட்டையைத் தின்னும் உலாட் புங்குஸ் புழுவுக்காகத்தான் இதை அடிக்கிறார்கள். இந்தப் பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. பட்டுப்புழுக்கள் திடீரென்று மடிவதை ஆராய்ந்த ஜப்பானியர் இஷிவாத்தா 1901-ல் இதை முதலில் கண்டார். இந்தப் பாக்டீரியா தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. புழு அதை இலையோடு தின்றதும், காரத்தன்மை மிகுந்த அதன் குடலில் படிகம் கரைந்து குடல் சுவரைத் துளைத்துவிடும். புழு உடனே தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. கோழிக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் சாரல் மூச்சில் போகாதபடி சன்னல்களைச் சாத்திவிட்டு, அம்மாவை முன்னறையில் உட்கார வை.

தம்பி: சில நாள் ஆகும் என்றால், உடனே கொல்லும் விஷத்தையே அடித்துவிடலாமே, பெரியப்பா?

பெரியப்பா: அந்தத் தவறு ஏற்கனவே நடந்திருக்கிறது. 1950-களின் பிற்பாதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் மலேசியத் தோட்டங்களில் எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துகளை அடித்தார்கள். புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அடக்கி வைத்திருந்த சிறு குளவிகள் முதலில் அழிந்தன. புழுவோ முன்னிலும் பெருகிக் காட்டையே கருக வைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது கேமரூனிலிருந்து 1981-ல் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு வண்டு. புழுவுக்கு அடிக்கும் பி.டி. அதைத் தொடுவதில்லை. பொதுவிஷம் அடித்து அந்த வண்டு போய்விட்டால் குலை எப்படிக் கட்டும்?

அத்தை: அந்த வண்டு வருவதற்கு முன் மரம் மரமாகப் போய்ப் பூவில் மகரந்தத் தூள் ஊதியவள் நான். கண்ணெல்லாம் எரியும். அந்த வண்டுக்குக் கேடில்லை என்றால் எனக்கும் மனம் ஆறுகிறது.

அண்ணி: கொசுவும் குறையுமா, மாமா? எங்கள் வரிசையில் இரண்டு பேருக்கு டெங்கி.

பெரியப்பா: இதனால் குறையாது. கொசுப் புழுவைக் கொல்வது இதே இனத்தின் வேறொரு வகை. 1976-ல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. வாளியிலும் பூச்சட்டித் தட்டிலும் தேங்கிய நீரை நீங்கள்தான் கொட்ட வேண்டும்.

தம்பி: காலையிலேயே அடிக்காமல் ஏன் மாலையில்?

பெரியப்பா: வெயில் இந்தப் பாக்டீரியாவைக் கெடுத்துவிடும், மழை கழுவிவிடும். புழு இளசாக இருக்கும்போதே அடிப்பதும் முக்கியம்; முற்றிய புழு தின்பதைக் குறைத்துக்கொண்டு கூட்டுக்குள் அடங்கிவிட்டால் மருந்து வீண். நாளை மழை இருட்டினால் தள்ளிப்போடச் சொல்லி மண்டோரிடம் கேள், தவறில்லை.

அத்தை: பேத்தி கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பட்டாம்பூச்சிப் புழுவை வளர்க்கிறாளே, அண்ணா?

பெரியப்பா: அதுவும் இலை தின்னும் புழுதான், சாரல் பட்ட இலையைத் தின்றால் பிழைக்காது. தொட்டியை இன்றிரவே உள்ளே எடுத்து வை.

அத்தை: எடுத்து வைத்துவிட்டேன். அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறாள்.