கருமருந்து ரிவால்வர்: சுட்ட அனுபவமும் கழுவிய அனுபவமும்

இங்கே அமெரிக்காவில் கருமருந்து (புகை கக்கும் பழைய கால வெடிமருந்து) ரிவால்வர் சுடுபவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது கோல்ட் 1851 நேவி, .36 காலிபர். அசல் அல்ல, இத்தாலியின் வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில் செய்த நகல்.

மருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த உலோகத் தோட்டா இதற்குக் கிடையாது. குதிரையை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் தாராளமாகச் சுழலும். ஒவ்வொரு அறையிலும் 20 கிரெய்ன், அதாவது சுமார் 1.3 கிராம் கருமருந்து போடுவேன். குடுவையிலிருந்து நேராகக் கொட்டுவதில்லை. அறைக்குள் ஒரு கனல் மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். தனி அளவியில் எடுத்துத்தான் போட வேண்டும். மருந்தின் மேல் கொழுப்பில் ஊறிய கம்பளி வட்டு, அதற்கு மேல் ஈயக் குண்டு. குண்டு அறையின் வாயைவிட ஒரு துளி பெரிது. குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலை அழுத்தினால் குண்டின் விளிம்பு சீவப்பட்டு, மெல்லிய ஈய வளையமாக விழும். வளையம் முழுசாக விழுந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். ஆறு அறை இருந்தாலும் ஐந்தைத்தான் நிரப்புவேன், குதிரை காலி அறைமேல் இருக்கட்டும். ஒவ்வொரு அறைக்கும் பின்னால் நிப்பிள் என்ற சிறு குழாய் முனை இருக்கும்; குதிரை அடித்ததும் தீப்பொறி தரும் கேப் என்ற சின்ன மூடியை அதில் மாட்டுவது கடைசியில், குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போது மட்டும்.

சுட்டால் கையை வெடுக்கென்று அடிக்காது, மெதுவாகத் தள்ளும். காற்று அசையாத நாளில் புகை கலையும் வரை இலக்கே தெரியாது. சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடப்பதை.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே தங்கிவிடும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு எல்லாம் உப்புகள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நவீனத் துப்பாக்கிக்குப் பழகியவர்கள் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு, உள்ளே துரு பிடித்ததும் துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். ஆனால் அன்றைக்கே கழுவ வேண்டும்.

முதலில் எல்லா அறையும் காலிதானா என்று பார்த்துவிட்டு, குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுப்பேன். துப்பாக்கி மூன்று பாகமாகப் பிரியும். நிப்பிள்களையும் மரப் பிடியையும் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டரைக் கொதிநீரில் போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழும். அது சல்பைடின் வேலை. தண்ணீர் மை போலக் கறுத்துவிடும். இந்த மாடலின் சிலிண்டரைச் சுற்றி, 1843 மே 16 அன்று காம்பேச்சே அருகே டெக்ஸஸ் கடற்படை மெக்ஸிகோ கப்பல்களோடு மோதிய சண்டை பொறிக்கப்பட்டிருக்கும். பிரஷ் போடப் போட, கரிக்குள்ளிருந்து பாய்மரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். எனக்கு அது சுடுவதற்குச் சமமான சந்தோஷம்.

சூடான இரும்பு தானாகவே உலரும். நிப்பிள் மரைக்குள் மட்டும் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே துணியை முறுக்கி விட்டுத் துடைத்து, மரையில் கிரீஸ் தடவித்தான் நிப்பிளைத் திரும்ப மாட்டுவேன்.

*

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. என்னுடையது ரெமிங்டன் 1858 மாடல். சிலிண்டருக்கு மேலேயும் இரும்புப் பட்டை ஓடும் சட்டகம் என்பதால் உறுதி அதிகம், சிலிண்டரும் சுலபமாகக் கழன்று வரும். ஆனால் சிலிண்டர் சுழலும் அச்சில் கரி சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. இடையிடையே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் குதிரையை இழுக்கவே கஷ்டம்.

ஒருமுறை பக்கத்து மேசைக்காரர் சுட்டபோது இரண்டு அறைகள் ஒரே நேரத்தில் வெடித்ததைப் பார்த்தேன். பக்கத்து அறையின் குண்டு குழலை ஒட்டி வெளியே பறந்தது. அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, முகம் வெளுத்துவிட்டது. முன்பக்கம் குண்டைச் சுற்றித் தீ புகுந்தது என்று சிலரும், பொருந்தாத கேப் வழியாகப் பின்பக்கம் புகுந்தது என்று சிலரும் சொன்னார்கள். அன்றிலிருந்து முன்னால் கொழுப்பு வட்டு, பின்னால் இறுக்கமான கேப் இரண்டையும் நான் விடுவதில்லை.

கேட்க வேண்டியது ஒன்று: உலர்ந்த பிறகு எந்த எண்ணெய் போடுகிறீர்கள்?

*

தம்பி, ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிக் கலந்து வைத்திருக்கிறேன். சாதாரண பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கரியோடு சேர்ந்தால் தார் மாதிரி இறுகிவிடுகிறது.

அப்புறம், கோல்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வெடித்த கேப்பின் சில்லு குதிரைக்கு அடியில் விழுந்து இயங்கும் பாகங்களை அடைத்துவிடும். குழலை இலக்குப் பக்கமே வைத்து, மூக்கை மேலே தூக்கிக் குதிரையை இழுத்தால் சில்லு வெளியே விழும். கேப் வெடித்தும் மருந்து பிடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது அசையாமல் இலக்கைப் பார்த்தே பிடித்திருங்கள், மருந்து தாமதமாகத் தீப்பிடிக்கக்கூடும்.

கழுவிய மறுநாள் குழலுக்குள் வெள்ளைத் துணி ஒன்றை விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் திரும்பவும் வெந்நீர்தான்.