தைத்து முடித்த குவில்ட் மேல்துணியில் சாயம் இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். இது குவில்ட்டுக்காக (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) கையால் சாயம் ஏற்றிய பருத்தித் துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி; பஞ்சும் அடித்துணியும் இன்னும் வைக்கவில்லை. ரியாக்டிவ் சாயம் (இழையோடு பிணையும் வகை), அது பிணைய லிட்டருக்கு 60 கிராம் சோடா ஆஷ் என்ற காரம், 24 மணி நேர ஊறல். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டால் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) மட்டும் அதில் ஒட்டுகிறது. இழையில் பிணையாத சாயம் மிச்சமிருக்கிறது, வெந்நீரில்தான் போகும். ஆனால் தையல் விளிம்பு கால் அங்குலம்தான்; வாஷிங் மெஷினில் போட்டால் பிசிறு பிரிந்து தையலே விட்டுவிடும். பக்கத்திலேயே வெள்ளைக் கட்டங்கள் வேறு!

சுற்றிலும் ஓரத்தையல் போட்டு, பெரிய தொட்டியில் 60 டிகிரி வெந்நீர் நிறைய விட்டு, கசக்காமல் ஊறவைக்கலாமா? தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டுமா? இப்படி அலசியவர்கள் சூடு, நேரம், சோப்பின் அளவு மூன்றையும் தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளைக் கட்டங்களைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.