பேட்ச் குரூப்பை விட்டு வெளியே வந்துட்டேன். தப்பா?

கடைசிபெஞ்ச்:
கல்லூரி முடிச்சு 26 வருஷம். போன வருஷம் யாரோ என்னை இழுத்துப்போட்ட பேட்ச் குரூப்பில் 83 பேர். நேத்து வெளியே வந்துட்டேன், சாட்டையும் அழிச்சாச்சு. காரணம் ஒரே ஒரு சாயங்காலம். ஒருத்தன் "அப்பா தவறிட்டார்"னு ரெண்டே வார்த்தை போட்டான். கீழே வரிசையா கைகூப்பிய பொம்மைகள். 12வது கைகூப்புக்கும் 13வதுக்கும் நடுவுல ஒரு மனைவி ஜோக். போட்டவன் மேலே என்ன ஓடுதுன்னு பார்க்கவே இல்லை. அதுக்கும் நாலு பேர் சிரிச்சிருந்தாங்க. இதுக்குப் பேர் தொடர்பா?

நடைவண்டி:
இங்கிதம் தெரியாத ஒருத்தனுக்காக 83 பேரையும் கைகழுவுவீங்களா? எனக்கு 47 வயசுல வேலை போச்சு. நெருங்கின நண்பர்கள் ஆறுதல் சொன்னாங்க. வேலை இருக்குன்னு சொன்னது, ஒரே லேப்பில் வருஷக்கணக்கா இருந்தும் பத்து வார்த்தை பேசியிராத ஒருத்தி. மார்க் கிரானொவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதிட்டார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களை அவர் விசாரிச்சப்போ, அடிக்கடி பார்க்கிற ஆள்தான் உதவினார்னு சொன்னது சுமார் 17 சதவீதம். வருஷத்துக்கு ஒருதரமோ அதுக்கும் குறைவாவோ பார்க்கிற ஆள்னு சொன்னது 28 சதவீதம். கூடவே இருக்கிறவனுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சதுதான். எட்ட இருக்கிறவனோட வட்டமே வேற.

கடைசிபெஞ்ச்:
அப்போ இது நட்பில்லை, இன்ஷூரன்ஸ். அப்படியே சொல்லிட்டுப் போங்க. இன்னொண்ணு, அங்கே எனக்கு இன்னும் 20 வயசுதான். பரீட்சை ஹாலில் தூங்கினதுக்கு வெச்ச பட்டப்பேர்லயே கூப்பிடுறாங்க. நடுவுல நான் வாழ்ந்ததைப் பத்தி ஒருத்தரும் கேட்கலை.

மழைக்குருவி:
நீங்க அவங்களைக் கேட்டீங்களா? சார், சலிச்சுக்கிறதே ஒரு சொகுசு. கல்யாணமாகி பேர் மாறி, ஊர் மாறி, நம்பர் மாறிப் போன என் ஹாஸ்டல் ரூம்மேட்டைக் கண்டுபிடிக்க எனக்கு 9 வருஷம் ஆச்சு. பழைய பேரைப் போட்டுத் தேடினா அப்படி ஒரு ஆளே இல்லை. கடைசியில் கிடைச்சது இந்த மாதிரி குப்பைக் குரூப் ஒண்ணுலதான். முதல் போன்ல ரெண்டு பேரும் பேசவே இல்லை, அவ மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பேருமே குரூப்பை மியூட்ல போட்டுட்டோம், அது வேற கதை.

கடைசிபெஞ்ச்:
ஒருத்தியைத் தேடினீங்க, கிடைச்சா. மிச்ச பேரை நீங்களும் மியூட்தானே பண்ணீங்க? நான் சொல்றதும் அதேதான்.

அரைக்கண்:
பட்டப்பேருக்கெல்லாம் கோவப்படாதீங்க. 10லேர்ந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் பின்னாடி அதிகமா ஞாபகம் வரும்னு உளவியல்காரங்களே சொல்றாங்க. அவங்ககிட்ட உங்களைப் பத்தி இருக்கிற சரக்கு அவ்வளவுதான். நீங்க வெளியேறினதும் பெரிசா தெரிஞ்சிருக்காது. 2022லேர்ந்து வாட்ஸ்அப்பில் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். அதை விடுங்க. அப்பா தவறினவருக்கு நீங்க போன் பண்ணீங்களா?

கடைசிபெஞ்ச்:
இல்லை. நானும் கைகூப்புதான் போட்டேன். 11வது.

நடைவண்டி:
இப்போ பண்ணுங்களேன்.

கடைசிபெஞ்ச்:
நம்பர் அந்தக் குரூப்புலதான் இருந்துச்சு.