மண்ணீரல் அகற்றப்பட்ட தம்பிக்குத் தடுப்பூசி: உதவி வேண்டும்

குழு உறவுகளுக்கு வணக்கம்.

கடந்த மாதம் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த என் தம்பிக்கு, கைப்பிடி இடது விலாவின் கீழ் குத்தியதில் மண்ணீரல் கிழிந்துவிட்டது. வெளியே சிறு கன்றல் மட்டுமே தெரிந்தது. "இடது தோள் நோகுது அண்ணா" என்று அவன் சொன்னபோது அதைச் சாதாரண அடி என்றே எண்ணினேன். உள்ளே கசியும் இரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்பதை அறிந்திருந்தால், ஒரு மணித்தியாலத்தை வீட்டில் கழித்திருக்க மாட்டேன்.

இரத்த அழுத்தம் நிலையாக இருப்பவர்களுக்கு ஸ்கான் எடுத்து, வைத்தியசாலை விடுதியில் வைத்துக் கண்காணித்தே மண்ணீரலைக் காப்பாற்ற முயல்வார்களாம். இவனுக்கோ இரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிலைக்காததால், உடனே சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அந்த முடிவே அவன் உயிரைக் காத்தது.

மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமித்தொற்றுகள் சில மணித்தியாலங்களிலேயே உயிராபத்தாகலாம் என்பதால், நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் (Hib) ஆகிய மூன்று கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம் என்று வைத்தியர் எழுதித் தந்துள்ளார். சத்திரசிகிச்சைக்குப் பின் ஊசிக்காகக் காத்திருக்க வேண்டிய 14 நாட்கள் கடந்துவிட்டன. மெனிங்கோகொக்கஸ் ஊசி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ அதை அண்மையில் போட்டுக்கொண்டவர்கள் இடத்தைத் தெரிவியுங்கள்.

அவன் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவன். காய்ச்சல் கண்டவுடன் விழுங்க வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் படகில் ஈரம்படாமல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதையும், இதே நிலையில் தொழிலுக்குத் திரும்பியவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.